கொச்சை என்போரே, கேளுங்கள்!

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் 'கடற்காற்று' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதி வருமாறு பணித்தோம். காசிமேட்டில் விசைப்படகுக் கூலியாகச் செல்லும் மீனவத் தோழர் ஒருவரின் மகன் நான்கே வரிகள் எழுதி வந்தான். கொண்டல் வந்தால் அலை தூக்கும் என்று எழுதியிருந்தான். அன்றைக்கு நைனா கடலுக்குப் போவாது. வூட்டாண்ட குந்திக்கினு வலை பின்னும். அப்பால துட்டு இருக்காது, ஆயா கத்தும் என்றும் எழுதியிருந்தான்.

சிவப்பு மையை எடுத்தோம். கொண்டலை அடித்துக் 'கீழைக்காற்று' என்றோம். நைனாவை அடித்துத் 'தந்தையார்' என்றோம். வூட்டாண்ட என்பது 'வீட்டின் அருகே' ஆயிற்று. குந்திக்கினு என்பது 'அமர்ந்துகொண்டு' ஆயிற்று. நான்கு வரிக்கு ஒன்பது திருத்தங்கள்! அது போதாதென்று ஓரத்தில் 'கொச்சை நீக்குக' என்று ஓர் ஆணை வேறு. அடுத்த வாரம் அவன் துணைநூலைப் பார்த்து இரண்டு பக்கம் எழுதி வந்தான். தென்றல் வந்தது, தாமரைத் தடாகம் வந்தது, கடல் வரவில்லை. அதற்குப் பின் அவன் எழுதிய எந்தக் கட்டுரையிலும் கடல் வரவே இல்லை.

தோழர்களே! தமிழ்ப்பற்று என்று நாம் எதை நெஞ்சில் ஏந்தியிருந்தோமோ, அதுவே ஒரு தமிழ்ச் சிறுவனின் வாயை அடைத்தது. யாரோ ஒரு வைதிகரின் தவறாக இருந்திருந்தால் எளிதாகச் சாடியிருப்போம். தவறு நம்முடையது. ஆகவேதான் இந்தக் கட்டுரை.

நம் அறியாமையை நமக்கு உணர்த்தியது ஒரு சொல்லகராதி. 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' என்பது அதன் பெயர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொகுத்தவர் பெருமாள்முருகன். நாவலாசிரியர் என்று உலகம் அறியும். கவிஞர் என்று சிலர் அறிவர். தம் மண்ணின் பேச்சுக்கு அகராதி செய்தவர் என்பதைத் தமிழாசிரியர்களாகிய நாமே சரியாக அறியோம். அம்மிச்சி, அப்புச்சி, கட்டுத்தரை, பண்ணயம் போன்ற சொற்களை எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை. ஆனால் அவற்றைச் சொல்லித்தான் நாமக்கல், ஈரோடு, கோவை மாவட்டத்து மக்கள் பாட்டியை அழைத்தனர், மாட்டைக் கட்டினர், நிலத்தை உழுதனர். படிப்பில்லாதவன் நாவிலிருந்து பிறந்த சொல்லுக்கும் அகர வரிசையில் இடம் உண்டு என்று ஒரு தமிழ்ப் பேராசிரியர் காட்டினார். அதைக் கண்டபின் நம் பேரகராதியைத் திறந்தோம். 'குந்து' இருக்கிறது. 'கொண்டல்' இருக்கிறது, இருப்பது மட்டுமன்று, சங்கப் புலவரே ஆண்ட சொல் அது. 'அப்பால்' இருக்கிறது, சிறுவன் எழுதிய 'அப்பால' அதன் பேச்சு வடிவமே. ஈராயிரம் ஆண்டுத் தமிழைத் தமிழின் பெயரால் சிவப்பு மையிட்டு அழித்திருக்கிறோம்! என்னே நம் புலமை!

கொச்சை என்பது என்ன? இலக்கணப் பிழையா? பிறமொழிக் கலப்பா? வடசென்னைப் பேச்சில் பிறசொற்கள் உண்டு, மறுக்கவில்லை. 'நைனா' தெலுங்கு தந்தது. 'நாஸ்தா', 'பேஜார்', 'பேமானி' உருதுவின் வழி வந்தவை. 'துட்டு', பழவேற்காட்டில் கோட்டை கட்டி வாழ்ந்த டச்சுக்காரரின் செப்புக்காசுப் பெயர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனும், தறியில் நின்றவனும், தோல் பதனிட்டவனும் யாரோடு உழைத்தானோ அவனோடு பேசினான். அவன் சொல்லை எடுத்தான், தன் சொல்லைக் கொடுத்தான். கட்டுமரத்தை ஆங்கிலேயன் எடுத்துக்கொண்டு தன் அகராதியில் ஏற்றவில்லையா? அதை அவன் மொழியின் வளம் என்கிறோம். நம் தொழிலாளி செய்தால் கலப்படம் என்கிறோம்!

இன்னொன்றும் கேளுங்கள். வடசென்னையின் வசைகளுள் மிக இழிந்தது எது என்று மயிலாப்பூரில் போய்க் கேட்டால், 'கஸ்மாலம்' என்று காதைப் பொத்திக்கொண்டு சொல்வர். சேரியில் பிறந்த சொல்லா அது? பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், போர்க்களத்தில் சோர்ந்து நின்ற அர்ச்சுனனைப் பார்த்துக் கண்ணன் கூறும் பேச்சிலே இருக்கிறது அந்தச் சொல்! கண்ணன் வாயில் இருந்தபோது அது வேதாந்தம். ரிக்‌ஷாக்காரன் வாய்க்கு வந்தவுடன் அது சாக்கடை! சொல் மாறவில்லை, தோழர்களே, வாய்தான் மாறியது. அந்த வாய் எந்தத் தெருவினது, எந்தச் சாதியினது என்பதை வைத்தே சொல்லின் மதிப்பு அளக்கப்படுகிறது.

ஐயம் இருப்பின் தமிழ்ப் புனைகதையின் வரலாற்றைப் புரட்டுக. அக்கிரகாரத்துப் பேச்சு எத்தனை பதின்மங்களாக நாவல்களில் நடமாடி வந்திருக்கிறது! 'வந்துட்டேளா', 'என்னடீம்மா', 'அவாத்து' — இவையும் எழுத்துத் தமிழ் அல்லவே. இவையும் வட்டார, சாதி வழக்குகள்தாமே. அவற்றைக் கொச்சை என்று ஒதுக்கிய விமர்சகர் யார்? 'இயல்பான உரையாடல்', 'நுட்பமான சித்திரிப்பு' என்றன்றோ பாராட்டினர்! சென்னைச் சேரி மக்களின் பேச்சைத் துணிந்து எழுதியவர் ஜெயகாந்தன். 'உன்னைப்போல் ஒருவன்' என்னும் அவர் கதை 1965இல் படமாகவும் வந்தது. ஆயினும் 1972இல் சாகித்திய அகாதமி அவரை அழைத்துப் பரிசளித்தது எந்த நூலுக்கு? 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் நாவலுக்கு — பார்ப்பனக் குடும்பத்துக் கதைக்கு! அந்த நாவல் தாழ்ந்தது என்று நாம் சொல்லவில்லை. துலாக்கோல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை மட்டும் சுட்டுகிறோம்.

இனிப் பெருமாள்முருகனிடம் வருவோம். திருச்செங்கோட்டை அடுத்த சிற்றூரில் 1966இல் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை திரையரங்கு ஒன்றில் சோடாக் கடை வைத்திருந்தவர். முன்னோர் எழுதிய நூல் ஒன்றும் வீட்டில் இல்லை. படித்து மேலே வந்த முதல் தலைமுறை. தமிழ் பயின்றார், சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர் ஆர். ஷண்முகசுந்தரம். 1942இலேயே 'நாகம்மாள்' என்னும் நாவலில் கொங்குக் குடியானவரின் பேச்சை எழுத்தில் நிறுத்தியவர் அவர். நிலத்தில் தன் பங்கைக் கேட்ட ஒரு கைம்பெண்ணின் கதை அது. பிறர் கம்பனை ஆய்ந்துகொண்டிருக்க, தம் ஊர்ப் பேச்சை எழுதிய முன்னோடியைத் தேடிப் போனாரே, அங்கேயே இந்த இளைஞரின் நோக்கம் தெரிகிறது.

முதல் நாவல் 'ஏறுவெயில்', 1991இல் வந்தது. வீட்டுவசதிக் குடியிருப்பு எழுப்புவதற்காக நிலத்தைப் பறிகொடுத்த உழவர் குடும்பம் எப்படிச் சிதறுகிறது என்பது கதை. எண்ணூரிலும் மணலியிலும் தொழிற்சாலைகளுக்கு ஊரைக் கொடுத்துவிட்டு அதே தொழிற்சாலையின் வாயிலில் ஒப்பந்தக் கூலியாக நிற்கும் நம் மக்கள் படித்தால், தம் கதையை எவரோ கொங்குப் பேச்சில் எழுதிவிட்டார் என்றே எண்ணுவர். அடுத்தது 'நிழல் முற்றம்', 1993. திரையரங்கில் சோடாவும் முறுக்கும் விற்று, இரவில் அங்கேயே படுத்துறங்கும் சிறுவர்களின் வாழ்வு. திரையில் தலைவன் செந்தமிழில் நீதி முழங்குகிறான். திரைக்குக் கீழே பையன்கள் வசையோடு பேசிக்கொள்கின்றனர். அந்த வசைகளை அவர் மறைக்கவில்லை. பின்னாளில் 'கெட்ட வார்த்தை பேசுவோம்' என்றே ஒரு கட்டுரை நூலும் எழுதினார். முகம் சுளித்தோர் பலர். சுளிக்கட்டும்! தம்மைச் சுற்றிலும் கெட்ட வாழ்க்கை இருப்பதற்குச் சுளிக்காத முகம் கெட்ட வார்த்தைக்கு மட்டும் சுளிப்பது என்ன நாகரிகம்?

நம் நெஞ்சைச் சுட்ட நூல் 'கூளமாதாரி'. அகராதி வந்த அதே 2000ஆம் ஆண்டில் வந்தது. கவுண்டர் வீட்டில் பண்ணையத்துக்கு விடப்பட்டு ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவன் கூளையனின் கதை. அவனும் அவனைப் போன்ற பிள்ளைகளும் மேட்டுக்காட்டில் விளையாடுகின்றனர், பசிக்கின்றனர், திருடுகின்றனர், அடிபடுகின்றனர். ஆசிரியர் பிறந்த சாதியோ நிலமுடைய சாதி. தம் சாதிக்காரன் பிள்ளைகளை எப்படி நடத்தினான் என்பதை, அந்தப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

இங்கே ஒரு தோழரின் தடையை எடுத்துக்கொள்வோம். வட்டார வழக்கு என்று தூக்கிப் பிடிக்கிறீர்களே, அந்த வழக்கில்தானே சாதி ஒளிந்திருக்கிறது, 'சாமி' என்றும் 'பண்ணாடி' என்றும் கூலிக்காரன் குனிந்து அழைத்ததும் அந்த மொழியில்தானே, அதைக் காப்பதா பகுத்தறிவு என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. நாமும் பல நாள் எண்ணிப் பார்த்தோம். ஆம், வட்டார வழக்கு குற்றமற்ற தேன்குடம் அன்று. வயதில் மூத்த கூலியை, ஆண்டையின் பொடிப்பயல் 'வாடா, போடா' என்கிறான். முதியவர் அந்தப் பொடியனை 'ங்க' போட்டு மரியாதையாய் அழைக்கிறார். இந்த அநீதி முழுவதும் விகுதிகளில் இருக்கிறது. அந்த உரையாடலைச் செந்தமிழில் எழுதிப் பாருங்கள்: இருவரும் 'நீங்கள்' என்பர், 'வாருங்கள்' என்பர். சாதி எங்கே போயிற்று? ஒழிந்துவிட்டதா? இல்லை, தாளிலிருந்து ஒளிந்துகொண்டது. ஏட்டுத் தமிழ் எல்லாரையும் சமமாக்கிப் பொய் சொல்கிறது. பேச்சுத் தமிழ் யார் யாரை மிதித்தார் என்று பெயரோடு சொல்கிறது. ஒழிக்க வேண்டியதைக் கண்ணால் பார்க்காமல் ஒழிப்பது எங்ஙனம்? வழக்கைப் போற்றுவதற்காக அவர் எழுதவில்லை, தோழரே. வாக்குமூலம் வாங்குவதற்காக எழுதுகிறார்!

அந்த வாக்குமூலத்துக்கு அவர் கொடுத்த விலையை நாடறியும். 2010இல் வந்தது 'மாதொருபாகன்'. காளி, பொன்னா என்னும் கணவன் மனைவி, ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்தவர்கள், பிள்ளை இல்லை. அந்த ஒன்றுக்காக ஊர் அவர்களைத் தின்கிறது. விசேட வீட்டில் பொன்னாவை ஒதுக்குகிறார்கள். வயலில் அவள் விதை தொட்டால் விளங்காது என்கிறார்கள். நேர்த்திக்கடன் எத்தனை, பரிகாரம் எத்தனை! எந்தச் சாமியும் கண் திறக்கவில்லை. கடைசியில், திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில் மகப்பேறு வேண்டும் பெண்கள் கூட்டத்தில் கலந்து, தெரியாத ஆணைச் சாமியாகக் கருதிச் சேரலாம் என்றிருந்த வழக்கத்துக்கு அவளை அனுப்ப உறவே திட்டமிடுகிறது. பாதி உடலைப் பெண்ணுக்குக் கொடுத்த கடவுளின் ஊரில், பிள்ளை பெறாத பெண்ணுக்கு முழு மனுஷி என்ற பெயர் இல்லை! நாவலின் கேள்வி இதுதான். அவதூறு எங்கே இருக்கிறது இதில்?

நான்கு ஆண்டுகள் நாவல் அமைதியாகத்தான் இருந்தது. 2014 டிசம்பரில் மத அமைப்புகளும் சாதி அமைப்புகளும் கிளம்பின. நூலை எரித்தனர், திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடத்தினர். நாவலை முழுதாகப் படித்தவர் அக்கூட்டத்தில் எத்தனை பேர்? பக்கங்களைக் கிழித்துப் படியெடுத்துத் தெருத்தெருவாகக் கொடுத்தனர்; கதை வேண்டாம், கோபம் மட்டும் போதும் என்பது கணக்கு. 2015 ஜனவரி 12ஆம் நாள் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை என்ற பெயரால் அவரை நிபந்தனையற்ற மன்னிப்பில் கையொப்பமிட வைத்தனர். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான், ஆசிரியன் முருகனாக மட்டும் இனி வாழ்வான், நூல்களை யாரும் விற்க வேண்டா என்று முகநூலில் அறிவித்துவிட்டு அவர் அடங்கினார். ஊரை விட்டே வந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்தினார். காமராசர் சாலையில், நம் ராயபுரத்திலிருந்து ஒரு பேருந்துத் தொலைவில், வாயடைக்கப்பட்ட கவிஞர் ஒருவர் நாள்தோறும் வகுப்புக்குப் போய் வந்திருக்கிறார். அந்தச் செய்தி அந்நாளில் இந்தப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் எத்தனை நாள் பேசப்பட்டது? படத்துக்குத் தடை வந்தால் பால்குடத்தோடு தெருவில் நிற்கும் தமிழகம், நூலுக்குத் தடை வந்தபோது நாளேட்டை மடித்து வைத்தது.

எல்லாரும் அல்லர்; அதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் வழக்காடியது. 2016 ஜூலை 5ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாவலைத் தடை செய்ய வேண்டியதில்லை, அந்த மன்னிப்புப் பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது, அவர் மீண்டும் எழுதட்டும் என்றது. பிடிக்காத நூலைப் படிக்காமல் மூடி வைக்கலாம் என்னும் எளிய அறிவை உயர்நீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது நம் காலத்தின் கொடுமை.

அந்த ஊமைக் காலத்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? கவிதை எழுதினார். நாவல் எழுத மனிதர் வேண்டும், ஊர் வேண்டும், பெயர் வேண்டும். ஒவ்வொரு பெயரிலும் ஒரு வழக்கு ஒளிந்திருக்கிறது. கவிதைக்கு ஒரு துண்டுத் தாள் போதும். அவை 2016இல் 'கோழையின் பாடல்கள்' என்று தொகுப்பாயின. கோழை! வீரத்தைப் பாடியே பழகிய மொழியில் ஒரு கவிஞர் தம் நூலுக்குத் தாமே இப்படிப் பெயர் வைக்கிறார். புறநானூற்றை முழங்கியே வளர்ந்த நமக்கு முதலில் அந்தப் பெயர் கசந்தது. பின்னர் எண்ணினோம்: நூறு பேர் கூடிநின்று ஒருவரைக் கையொப்பமிட வைத்தபோது வீரம் எந்தப் பக்கம் இருந்தது? அதே ஆண்டில் 'பூனாச்சி' என்னும் வெள்ளாட்டின் கதையோடு புனைவுக்கும் திரும்பினார். மனிதரைப் பற்றி எழுத அஞ்சுகிறேன், தெய்வங்களைப் பற்றி எழுதப் பேரச்சம், ஆகவே ஆட்டைப் பற்றி எழுதுகிறேன் என்ற பொருள்பட முன்னுரையில் சொன்னார். ஆட்டின் காதில் அரசாங்கம் எண் குத்துகிறது அக்கதையில். அஞ்சியவர் எழுதிய கதையாகவா தெரிகிறது? 2023இல் அவருடைய 'பூக்குழி' மொழிபெயர்ப்பின் வழியே பன்னாட்டுப் புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம் பெற்றது. சாதி மாறி மணந்த ஓர் இணையை ஊர் எரிக்கத் துணியும் கதை அது. எந்தப் பேச்சைக் கொச்சை என்றனரோ அந்தப் பேச்சில் எழுதப்பட்டதை இலண்டன் படித்தது, நாமக்கல் எரித்தது!

இலண்டன் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலேயருக்கு வடக்கே ஸ்காட்லாந்து இருக்கிறது. அங்கே உழவர் பேசுவது 'ஸ்காட்ஸ்'. அதைக் கொச்சை ஆங்கிலம் என்று இலண்டன் எள்ளியது. பள்ளியில் பேசிய பிள்ளைகளைத் தோல்வாரால் அடித்தனர். ஏர் பிடித்த உழவனாகிய ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் தம் முதல் கவிதை நூலை அந்தப் பேச்சிலேயே வெளியிட்டார். நூலின் தலைப்பிலேயே 'ஸ்காட்லாந்து வழக்கில்' என்று அச்சிட்டுக்கொண்டார். ஜான் ஜேமிசன் என்பவர் 1808இல் அம்மொழிக்கு அகராதி செய்தார். 1932இல் லூயிஸ் கிராசிக் கிப்பன் நிலத்தோடு போராடும் ஒரு பெண்ணின் கதையை அந்தப் பேச்சின் நடையிலேயே எழுதினார். 1994இல் ஜேம்ஸ் கெல்மன் கிளாஸ்கோ நகரத் தொழிலாளியின் பேச்சில், வசைகளோடு எழுதிய நாவலுக்குப் புக்கர் பரிசு கிடைத்தபோது, நடுவர் குழுவில் இருந்தவரே அதை அவமானம் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆனாலும் 2011 கணக்கெடுப்பில், தாம் ஸ்காட்ஸ் பேசுகிறோம் என்று 15 இலட்சம் பேர் தலைநிமிர்ந்து எழுதிக் கொடுத்தனர். அதே ஸ்காட்லாந்திலிருந்து வந்த பாதிரியார் ஜான் ஆண்டர்சன்தான் 1837இல் நம் ஜார்ஜ் டவுனில் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது அது. தம் நாட்டுப் பிள்ளைகளின் பேச்சு பள்ளிக்கு வெளியே நிற்க, நம் பிள்ளைகளுக்கு இலண்டன் ஆங்கிலம் கற்பிக்கக் கப்பலேறி வந்தனர். வேடிக்கைதான்!

இன்னொரு தடையும் உண்டு. ஆளுக்கொரு பேச்சில் எழுதினால் தமிழினம் சிதறாதா? பொதுத்தமிழ் என்னாகும்? சட்டத்துக்கும் பாடநூலுக்கும் செய்தித்தாளுக்கும் பொதுத்தமிழ் வேண்டும். இந்தக் கட்டுரையே அதில்தான் எழுதப்படுகிறது. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆயின், பொதுத்தமிழ் எங்கிருந்து ஊறுகிறது? செய்யுளில் வழங்கும் சொற்களை நான்காகப் பகுத்த தொல்காப்பியரே திசைச்சொல்லுக்கு ஓர் இடம் கொடுத்தார். அவருக்கு இல்லாத அச்சம் நமக்கு ஏன்?

நம் இயக்கத்தாரிடமும் ஒரு வார்த்தை. மேடைத் தமிழ் நமக்கு உரம் ஊட்டியது உண்மை. அடுக்குமொழி கேட்டுத்தான் ஆலைத் தொழிலாளியும் கப்பல் கூலியும் தமிழன் என்று நெஞ்சு நிமிர்த்தினர். ஆனால் அந்தத் தொழிலாளியின் பேச்சு நம் காலத்துத் திரையில் எங்கே இருந்தது? கதாநாயகன் வாயில் இல்லை. கோமாளி வாயில் இருந்தது. 1958இல் வந்த 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராக வந்து நம் பேச்சைப் பேசியபோது நாடே சிரித்தது. அவர் கலைஞர், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டால் சிரிக்கவேண்டும் என்று அடுத்தடுத்த தலைமுறைகள் பழகிவிட்டன. துறைமுகக் கூலியான ஒரு குத்துச்சண்டை வீரன் நம் பேச்சைப் பேசி, அதைக் கேட்டு ஒருவரும் சிரிக்காமல் இருக்க, 2021இல் 'சார்பட்டா பரம்பரை' வரவேண்டியிருந்தது. பெரியாரைப் பாருங்கள். ஈரோட்டுக் கொங்குப் பேச்சை அவர் மேடையில் ஒளித்தாரா? பண்டிதர் நகைப்பரே என்று 'வெங்காயத்தை' விழுங்கினாரா? அவர் குடிஅரசில் 1935இல் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் அரசே ஏற்றது. எழுத்தை மக்களுக்காக வளைத்தவர், பேச்சை மக்களிடமிருந்தே எடுத்தார். அவரைத் தலைவர் என்று கொண்டாடும் நாம், அவரைப் போலப் பேசும் பிள்ளைக்குச் சிவப்பு மை காட்டலாமா?

பொறம்போக்கு! இந்தச் சொல்லை எத்தனை முறை வசையாகக் கேட்டிருப்போம். வரி விதிக்கப்படாமல் ஊருக்குப் பொதுவாக விடப்பட்ட நிலம், நீர்நிலை, மேய்ச்சல் வெளி — அதுவே புறம்போக்கு. பொதுச் சொத்தில் வாழ்ந்தவன் ஏழை. ஆகவே பொதுச் சொத்தின் பெயர் வசையாயிற்று. 2017இல் எண்ணூரில், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகத்தில் நின்று டி.எம். கிருஷ்ணா ஒரு பாட்டுப் பாடினார். கபேர் வாசுகி சென்னைப் பேச்சிலேயே எழுதிய 'சென்னைப் பொறம்போக்குப் பாடல்' அது. கருநாடக இசைக்காரர் வாயில், எண்ணூர்ச் சேற்றில், நம் வசைச்சொல் தன் பழைய பொருளோடு எழுந்து நின்றது. பின்னர்ப் பெருமாள்முருகன் எழுதிய கீர்த்தனைகளையும் அவரே மேடைகளில் பாடினார். தெலுங்கும் வடமொழியும் நின்ற இடத்தில் கொங்குக்காரர் தமிழும், கொசஸ்தலை ஆற்றங்கரைத் தமிழும் போய் நின்றன.

நம் பகுதியில் ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை. கரன் கார்க்கியின் 'கருப்பர் நகரம்' இருக்கிறது. சிந்தாதிரிப்பேட்டையை வைத்துத் தமிழ்ப்பிரபா 2018இல் எழுதிய 'பேட்டை' இருக்கிறது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானா இருக்கிறது. செத்தவன் பெயரையும் தொழிலையும் அவன் கடனையும்கூட வைத்து அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுகிறார்கள், விடிந்ததும் பாட்டும் பிணத்தோடு போய்விடுகிறது. எழுதி வைத்தது கொஞ்சம். நாவல், கவிதை, அகராதி மூன்றையும் ஒருவராகவே தம் மண்ணுக்குச் செய்தாரே திருச்செங்கோட்டுக்காரர், அப்படி ஒருவருக்காக ராயபுரம் காத்திருக்க வேண்டுமா? கரிசலுக்கு கி. ராஜநாராயணன் அகராதி தந்தார். கொங்குக்குப் பெருமாள்முருகன் தந்தார். காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் யார்?

நம் வகுப்பில் ஒரு பெரிய நோட்டு வாங்கி வைத்திருக்கிறோம். அந்த மீனவச் சிறுவனிடம் ஒன்பது திருத்தங்களுக்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவன் கையாலேயே முதல் பக்கத்தில் 'கொண்டல்' என்று எழுதச் சொன்னோம். முதலில் அவன் நம்பவில்லை. தேர்வு வைக்கிறோம் என்று நினைத்தான். மறுநாள் ஆயாவிடம் கேட்டு ஐந்து சொற்களோடு வந்தான். அவற்றுள் இரண்டு நமக்குத் தெரியாதவை, பேரகராதியிலும் கிடைக்கவில்லை. நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டிருக்கிறோம்: சொல், பொருள், சொன்னவர் செய்யும் தொழில், அந்தச் சொல்லை அவர் யாரிடம் சொல்லமாட்டார். நான்காவது கட்டம் கூளமாதாரியைப் படித்தபின் சேர்த்தது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் மீன் ஏலக் கூடத்திலும் உழைக்கும் தோழர்கள், தம் வீட்டுச் சொற்களை இந்த நான்கு கட்டங்களின்படி எழுதி இந்த இதழின் முகவரிக்கு அனுப்புக. திருத்தாமல் அனுப்புக.